ராசாவின் ஆளுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

முசியே அந்துவான் சிரிக்கத் தொடங்கியபோது நான் உள்ளே காகிதக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, ஒரு கையால் தொப்பியைப் பிடித்தபடி, மற்றக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மரண அறிவித்தலைப் படித்து இப்படிச் சிரித்த மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுத் தபால் கந்தோரில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாரிசில் எங்கள் தெருவான ரூ பிலிப்-து-ஜிரார் கடைகளில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளை ஒவ்வொரு காலையும் நின்று படிப்பார். தெரிந்தவர் என்றால் சிலுவை போடுவார். தெரியாதவர் என்றால் செத்தவரின் வயதைத் தன் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கோப்பி குடிக்கப் போவார்.

"கௌரிம்மா, கொஞ்சம் வெளிய வாங்க. இத யாரு எழுதினது?"

"நான்தான். ஏன், பிழை இருக்கோ?"

"பிழையா? மோன் தியூ! இந்த ஆளப் போயி இப்பிடி எழுதிட்டீங்களே! தெரிஞ்சு எழுதினீங்களா, தெரியாம எழுதினீங்களா?"

கைத்தவறு என்று சொன்னேன். ஆண், முதியவர் என்று ஒரு மாதிரி கணினியில் இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றினேன், வரியைப் பார்க்கவில்லை என்றேன். அடுத்த ஐந்து நாளும் எல்லோருக்கும் அதையேதான் சொன்னேன். அது பொய். இந்த வாரம் என் பத்திரிகைப் பக்கத்தில் எழுதப்போவது அந்தப் பொய்யைப் பற்றி.

கண்ணாடியில் இருந்தது

எங்கள் அச்சகத்தில் கலியாணக் கார்ட் அடிப்போம், கடை நோட்டீஸ் அடிப்போம். ஆனாலும் கடை ஓடுவது செத்தவர்களால்தான். செத்த அன்று கண்ணாடியில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி, முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம், இரண்டுக்கும் வாழ்க்கைக் குறிப்பும் பாட்டும் கட்டுவது என் வேலை. உயிரோடு இருந்தபோது மனைவிக்கு ஒருநாளும் தேத்தண்ணி போட்டுக் கொடுக்காதவரையும் நான் 'இல்லற தீபம்' ஆக்கியிருக்கிறேன். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. கல்வெட்டில் நல்லதைத்தான் எழுத வேண்டும், அது எங்கள் வழக்கம்.

அன்றைக்குக் கண்ணாடியில் இருந்தது ஒரு வெள்ளைக்காரர், எங்கள் கட்டிடத்துக்காரர் என்று யாரும் கேட்காமல் நானே அடித்து ஒட்டியது. கறுப்புக் கரை, கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் படம். 'பிரெத்தாஞ்சைப் பிறப்பிடமாகவும், பாரிஸ் லா ஷப்பலை வதிவிடமாகவும் கொண்ட முசியே து பிரெசாக் அவர்கள்' என்று தொடங்கி, கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி:

'வந்தாரை வரவேற்று, வாசல் அடைக்காது வாழ்ந்த பண்பாளர்.'

முசியே அந்துவான் சிரித்ததில் தவறே இல்லை. நாற்பது வருஷமாக 'வந்தவர்களைத் திருப்பி அனுப்பு, வாசலை அடை' என்று எழுதிக்கொண்டிருந்த மனிதர் அவர். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் அப்படியே.

தலை போன ராசாவுக்குக் கறுப்புக் கழுத்துப்பட்டி

து பிரெசாக் பத்திரிகைக்காரர். பிரான்சுக்கு மறுபடியும் ராசா வேண்டும் என்று எழுதுகிற ஒரு சின்னப் பத்திரிகையை நடத்தினார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் தலை வெட்டப்பட்ட ராசாவுக்காக ஒவ்வொரு ஜனவரியிலும் ஒருநாள் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பூசைக்குப் போவார். குடியரசை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். 'அந்தப் பெண்பிள்ளை' என்பார், ஏதோ தன் சொத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போனவளைச் சொல்வதுபோல.

பேனை நல்ல கூர் என்று பகைவர்களும் ஒப்புக்கொண்டார்களாம். அந்தக் கூரால் மந்திரிமாரைக் குத்தினார், பேராசிரியர்களைக் குத்தினார், எங்களையும் குத்தினார். எழுத்துக்காக நீதிமன்றம் போய்வந்தவர். அவருடைய ஆட்களே அவரோடு கோபித்துக்கொண்டு பிரிந்து போனார்கள். எஞ்சியது எங்கள் அச்சகத்துக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த வீடும், முழங்கை தேய்ந்த ஒரு மேலங்கியும்தான்.

எங்கள் தெருவின் பொரிக்கும் மணத்தைப் பற்றி ஒரு முழுப்பக்கம் எழுதினார். எழுதிய அதே மனிதர் வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துக் கடையில் இரண்டு வடை வாங்கிக்கொண்டு படியேறுவார். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் உள்ளே வந்தார். மேசையில் ஒரு கலியாணக் கார்ட் கிடந்தது. அதன் நாலு மூலையிலும் ஒரு பூ. எங்களுக்கு அது வெறும் மூலைப் பூ, கணினியோடு சேர்ந்து வந்தது. அவருக்கு அது பிரெஞ்சு ராசாக்களின் லில்லிப் பூ. கார்டைத் தூக்கிப் பிடித்து, என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். யாழ்ப்பாணத்தில் இன்னும் ராசபக்தர் இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார் பாவம்.

அதற்குப் பிறகு தன் கட்டுரைகளை நகலெடுக்க எங்களிடம்தான் வருவார். எத்தனையோ வருஷம் நானே எடுத்துக் கொடுத்தேன். ஒரு வரி படித்ததில்லை. நகல் எடுக்கிறவள் படிக்கக்கூடாது, அது தொழில் ஒழுங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், படித்தால் பிறகு அவருக்கு 'போன்ஜூர்' சொல்ல வாய் வராது. எனக்கு அவருக்கு 'போன்ஜூர்' சொல்ல வேண்டியிருந்தது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி

முசியே அந்துவான் சிரித்ததோடு விட்டிருக்கலாம். மூலைக் கோப்பிக் கடையில் போய் அந்த வரியைப் பிரெஞ்சில் சொல்லிக் காட்டினார். அங்கே இருந்த யாரோ வந்து படம் எடுத்தார்கள். மறுநாள் அது ஊரெல்லாம் கைபேசியில் சுற்றியது.

முதலில் வந்த அழைப்பு ஒரு இளம் பெண் குரல். எங்களைக் கேவலப்படுத்திய மனிதனுக்கு மாலை போட உங்களுக்கு வெட்கமாயில்லையா என்று கேட்டாள். பத்து நிமிஷத்தில் அடுத்த அழைப்பு, ஒரு ஆண். எங்கள் ஆசானைச் செத்த பிறகும் நக்கலடிக்கிறீர்களா, வந்து பார்த்துக்கொள்கிறோம் என்றான். புகழ்ந்தேன் என்று ஒரு பக்கம், பழித்தேன் என்று மறுபக்கம். புதன்கிழமை மாலைக்குள் இரண்டு கூட்டமும் ஒரே நாளைக் குறித்துவிட்டன. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு கூட்டம் கண்ணாடிக்கு முன்னால் லில்லிப் பூ வைக்க வரும். மற்றக் கூட்டம் அந்தக் காகிதத்தைக் கிழிக்க வரும்.

எங்கள் முதலாளி செல்வண்ணைக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை.

"கௌரி, உதைக் கழட்டு. கைத்தவறு எண்டுதானே சொல்லுறாய். கழட்டினால் முடிஞ்சுது."

"கண்ணீர் அஞ்சலியை முப்பத்தொண்டுக்கு முன்னம் கழட்டுறேல்லை, அண்ணை."

"அவன் சைவமோ, முப்பத்தொண்டு பாக்க? கண்ணாடி உடைஞ்சால் ஆர் வந்து நிக்கிறது? உள்ளுக்கை இருக்கிற உனக்கும் எனக்கும் மண்டை உடைஞ்சால்?"

அவர் கேட்டது நியாயம். சனி மத்தியானம் வரை நேரம் கேட்டேன். கொடுத்தார். கதவடியில் இருந்த கார்ட் பெட்டிகளை எல்லாம் பின்னறைக்கு இழுத்து வைத்துவிட்டு, வாசலையே பார்த்தபடி இருந்தார்.

எனக்கும் பயம்தான். ஆனால் என் பயம் கண்ணாடிக்கு இல்லை. பாரிசுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் இருக்கும் ஒரு மனிதர் இந்தப் படத்தைப் பார்த்துவிடுவார், வரியைப் படித்துவிடுவார், பிறகு வந்து ஒரேயொரு கேள்வி கேட்பார் என்று பயந்தேன். மடியில் கனம் இருப்பவளுக்கு வழியில் பயம்.

மூன்றாம் மாடி

அந்த மனிதர் குணம் அண்ணை. நான் பாரிசுக்கு வந்த புதிதில் நாங்கள் இதே கட்டிடத்தின் ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே இருக்கும் சின்ன அறைகளில் இருந்தோம். ஒரு அறையில் நாங்கள் நாலு பெண்கள், அடுத்த அறையில் குணம் அண்ணையோடு ஆறு ஆண்கள். ஒருவருக்கும் வதிவிடக் கார்ட் இல்லை. என் அகதி விண்ணப்பத்தை மறுத்து வந்த கடிதம் தலையணைக்குக் கீழே இருந்தது.

ஏப்ரல் மாதமாக இருக்கும். காலை எட்டு மணி. நான் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். காலில் ரப்பர் செருப்பு, நீல நிறம், சந்தையில் வாங்கியது. மூன்றாம் மாடிக்கு வந்தபோது கீழேயிருந்து குணம் அண்ணையின் குரல் கேட்டது.

"மேலை ஓடு பிள்ளை! பொலிஸ்!"

அவருக்குக் கீழே நிறையச் சப்பாத்துச் சத்தம். என் கால்கள் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. வீட்டு அங்கியோடு து பிரெசாக் நின்றார், கையில் கோப்பிக் கோப்பை. என்னைப் பார்த்தார், படியின் சத்தத்தைக் கேட்டார். பிறகு சற்று விலகி நின்று, "ஓந்த்ரே, மதாம்" என்றார். உள்ளே வாருங்கள் அம்மா.

போனேன். குப்பைப் பையோடு போனேன். பளபளக்கும் மரத்தரையில் வெறுங்காலோடு நின்றேன். கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் தட்டினார்கள். மூன்று தட்டு, கையால், மெதுவாக. "முசியே... முசியே... சில் வு பிளே..." கெஞ்சியது குணம் அண்ணையின் குரல்.

து பிரெசாக் வாயில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். திறக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு வழிவிடுவது அவருடைய குலத்து மரியாதை. ஆண்பிள்ளைக்கு அந்த மரியாதை இல்லை போலும்.

அவரைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் என் வலது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பித்தளைத் தாழ்ப்பாள், ஒரு திருப்புத் திருப்பினால் திறக்கும். அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். குப்பைப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படியில் சப்பாத்துகள் ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்றன. பிறகு சத்தம், அதட்டல், யாரோ சுவரில் மோதுவது. இன்னும் சற்று நேரத்தில் மணி அடித்தது. து பிரெசாக் கதவைக் கொஞ்சம்போலத் திறந்து, எனக்கு விளங்காத பிரெஞ்சில், ஆனால் எனக்கும் விளங்கும் அதிகாரத்தில், நாலு வார்த்தை சொன்னார். வந்தவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே போனார்கள்.

ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தேன். வாசலில் என் செருப்பைக் காணவில்லை. ஆம், பொலிசுக்குப் பயந்து ஒளிய ஓடும்போதும் அந்நியர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன். குப்பை உள்ளே, செருப்பு வெளியே! பாரிசிலும் செருப்புக் கள்ளரா என்று அந்தக் கலக்கத்திலும் நினைத்தேன். குளிர்ந்த படிகளில் வெறுங்காலோடு ஆறாம் மாடிக்கு ஏறினேன். இரண்டு அறையிலும் யாரும் இல்லை.

குணம் அண்ணையைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியவுடனேயே பிடித்து, ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். பல வருஷம் கழித்து வேறு வழியால் மறுபடி வந்து சேர்ந்தபோது வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்காது. நான் அவரிடம் பின்படியால் இறங்கி ஓடினேன் என்று சொன்னேன். அந்தக் கட்டிடத்தில் பின்படி இல்லை. அவரும் அங்கே இருந்தவர்தான். ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

'வாசல் அடைக்காது வாழ்ந்த' என்ற வரியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். எத்தனையோ பேருக்கு அதை எழுதிவிட்டேன். முதன்முதலில் யாரை நினைத்துக் கட்டினேனோ, அவருக்கு எழுதும்போது மட்டும் கைத்தவறு என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தர்ஷி கொண்டுவந்த தாள்கள்

வெள்ளிக்கிழமை மாலை என் மகள் தர்ஷி வேலை முடிந்து நேரே அச்சகத்துக்கு வந்தாள். இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள், அது எங்கள் வீட்டு ஒப்பந்தம். கையில் ஒரு கத்தைத் தாள். து பிரெசாக் பழைய காலத்தில் எழுதியவற்றை எங்கோ ஒரு நூலகத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தாள்.

"நீ இதையெல்லாம் வாசிச்சிருக்கிறியா, மமோன்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லை."

"அப்ப கேள்."

வாசித்தாள். நிதானமாக, குரல் உயர்த்தாமல் வாசித்தாள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தனக்குத் தெரிந்த ஒரு கட்டிடம் இருக்கிறது, அதன் ஆறாம் மாடியில் இந்துமாக்கடல் குடியேறிவிட்டது, அரசாங்கத்துக்குப் படியேறக் கால் இல்லையா என்று கேட்டு எழுதியிருந்தார். மேலே தேதி இருந்தது. நான் செருப்பைத் தொலைத்த அந்த வருஷம், அந்த மாதத்துக்கு முந்திய மாதம்.

பொலிசைக் கூப்பிட்டது அவர் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. ஆனால் எழுதியது அவர். அரசாங்கத்தைப் படியேறக் கூப்பிட்டுவிட்டு, படியில் நின்ற எனக்குக் கதவைத் திறந்துவிட்டவரும் அவர். அந்தத் தரையில் நின்று நான் அவருக்கு எத்தனையோ தரம் 'மெர்சி', நன்றி என்று சொன்னேன்.

"இந்த ஆளுக்கா நீ பரிஞ்சு நிக்கிறாய்? ஏன்?" என்றாள் தர்ஷி.

அவளுக்கு நான் ஒருநாளும் அந்தக் காலையைச் சொன்னதில்லை. சொன்னால் குணம் அண்ணையின் தட்டலையும் சொல்ல வேண்டும். அவரை அவள் 'மாமா' என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அவருடைய மடங்காத விரல்களைப் பிடித்து விளையாடியவள்.

"நாளைக்குச் சொல்லுறன்," என்றேன். கோழைகளுக்கு எப்போதும் ஒரு நாளை இருக்கிறது.

சனிக்கிழமை, பத்தரை மணி

செல்வண்ணை கண்ணாடியின் உள்பக்கம் காட்போட் மட்டை கட்டிக்கொண்டிருந்தார். தர்ஷி என்னைத் தனியே விடமாட்டேன் என்று வந்து கணினிக்கு முன்னால் இருந்தாள். எதிர்க்கடைக்காரர் தன் மரக்கறிப் பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்தார். தெருவே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

பத்தரைக்குக் கதவு திறந்தது. குணம் அண்ணை. லா கூர்னெவில் அவர் வேலை செய்கிற களஞ்சியத்தின் மஞ்சள் மேற்சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் அந்த வரியை இரண்டு தரம் படித்ததை நான் உள்ளே இருந்து பார்த்துவிட்டேன்.

"வாங்கோ அண்ணை. தேத்தண்ணி..."

"பிறகு குடிப்பம். உதிலை வாசல் அடைக்காதவர் எண்டு கிடக்கு. ஆருக்குத் திறந்தவர், பிள்ளை?"

வந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. என் வாய் 'கைத்தவறு' என்று சொல்லத் திறந்தது. மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு," என்றேன். "எனக்குத் திறந்தவர், அண்ணை. நீங்கள் தட்டேக்கை நான் உள்ளுக்கை நிண்டனான். தாழ்ப்பாள் பக்கத்திலைதான் இருந்தது. நான் திறக்கேல்லை."

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. செல்வண்ணை மட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தர்ஷியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

குணம் அண்ணை வாடிக்கையாளர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"தெரியும்," என்றார்.

"என்னெண்டு?"

"செருப்பைக் கண்டனான். நீலச் செருப்பு. வெள்ளைக்காரன்ரை வாசல்லை, சோடியா, கோயிலுக்குப் போற மாதிரிக் கழட்டி வைச்சிருந்தாய். தட்டிப் பாத்தன். திறபடேல்லை. மேலை ஓடுவம் எண்டு நினைச்சுத் திரும்பேக்கை திரும்பவும் அந்தச் செருப்புக் கண்ணிலை பட்டுது. பின்னாலை வாறவங்கள் அதைக் கண்டால் கதவைத் திறக்கப் பண்ணுவாங்கள். என்ன செய்யிறது? எடுத்துச் சட்டைக்குள்ளை வைச்சன். அதுக்கிடையிலை வந்து பிடிச்சிட்டாங்கள்."

செல்வண்ணை மட்டையைக் கீழே வைத்தார், குணம் அண்ணை தொடர்ந்தார்.

"பொலிஸ் நிலையத்திலை சாமான் எல்லாம் எழுதி எடுத்தவங்கள். பொம்பிளைச் செருப்பு ஒரு சோடி எண்டும் எழுதினவங்கள். ஆற்றை எண்டு கேட்டுச் சிரிச்சாங்கள். மனிசின்ரை எண்டன். கடைசியிலை ப்ளேனிலை என்னோடையே அனுப்பிப் போட்டாங்கள். கொழும்பிலை விட்டாப்பிறகு மனிசிட்டைக் குடுத்தன், பிரான்சிலையிருந்து கொண்டந்தது எண்டு." முதல் தடவையாகச் சிரித்தார். "அவளுக்குச் சின்னன். ஆனாலும் போட்டவள். குதி வெளியிலை நிக்கும்."

இத்தனை வருஷம் அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீயும் சொல்லேல்லையே, பிள்ளை."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் மேசையில் தலையை வைத்து, கடைக்குள் இருந்த எல்லோருக்கும் முன்னால், குழந்தைபோல அழுதேன்.

புது வரிகள்

மத்தியானத்துக்கு முன்னால் நானே வெளியே போய் அந்தக் கண்ணீர் அஞ்சலியைக் கழற்றினேன். செல்வண்ணை பெருமூச்சு விட்டார். அது கொஞ்ச நேரம்தான், ஏனென்றால் நான் திரும்பிவந்து புதிதாக ஒன்று அடிக்கச் சொன்னேன்.

"விசரே உனக்கு?" என்றார்.

"இருக்கட்டும், அடிப்பம். இந்தமுறை பொய் இல்லை," என்றார் குணம் அண்ணை. செல்வண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

குத்துவிளக்கை எடுத்துவிட்டேன். மூலைப் பூவையும் எடுத்துவிட்டேன். படமும் பெயரும் மட்டும் வைத்து, கீழே இதை எழுதினேன்:

'இந்தக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் வாழ்ந்தார். நாற்பது வருஷம் எங்களுக்கு எதிராக எழுதினார். ஒருநாள் காலை, ஒளிய இடம் தேடிய ஒருத்திக்குத் தன் கதவைத் திறந்தார். அடுத்துத் தட்டியவருக்குத் திறக்கவில்லை. உள்ளே நின்றவளும் திறக்கவில்லை.'

தர்ஷி ஒவ்வொரு வரிக்குக் கீழும் பிரெஞ்சில் எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் விசைப்பலகையில் கையை வைத்தபடி நின்றாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"அம்மா, இதையும் போடவோ?"

"போடு," என்றேன்.

மூன்று மணிக்கு இரண்டு கூட்டமும் வந்தன. லில்லிப் பூக்காரர் பத்துப்பேர் இருக்கும், நல்ல கோட்டுப் போட்ட இளைஞர்கள். மற்றக் கூட்டம் அதைவிடப் பெரிது, மேளத்தோடு வந்தது. நடுவில் பத்தடி இடைவெளி. நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒருபக்கம் தர்ஷி, ஒருபக்கம் குணம் அண்ணை.

முசியே அந்துவான் எங்கிருந்தோ வந்து, தொப்பியைக் கழற்றி, கண்ணாடியில் இருந்ததைப் பிரெஞ்சில் உரக்க வாசித்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

வாசித்து முடிந்ததும் மேளம் அடிக்கவில்லை. ஒருவன் "இது பொய்" என்று கத்தினான். எந்தப் பக்கத்தவன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிழிக்க வந்த பெண் ஒருத்தி காகிதத்துக்குக் கிட்டப் போய் மறுபடி தானே வாசித்துவிட்டு, கையைக் கீழே விட்டாள். பூக்காரரில் ஒருவன் பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் நின்று, தெரு விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். மற்றவர்கள் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள். ஒரு மணித்தியாலம் ஏச்சும் பேச்சும் இருந்தது, தள்ளுமுள்ளு கொஞ்சம் இருந்தது. கண்ணாடி உடையவில்லை.

முப்பத்தோராம் நாள் வரை அது அங்கேயே இருந்தது. மற்ற எல்லோருக்கும் எப்படியோ, அவருக்கும் அப்படியே.

அந்தச் சனிக்கிழமை மாலை குணம் அண்ணை கடைசியில் தேத்தண்ணி குடித்தார். கோப்பையை இடக்கையால்தான் பிடிப்பார். செருப்புக் கதையையும் அதில் ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"அது கல்வெட்டிலை வாற கதை, பிள்ளை. உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் கல்வெட்டு அடிக்கிறேல்லை."

அவர் சனிக்கிழமைகளில் லா ஷப்பலுக்கு வந்து இந்தப் பத்திரிகையை வாங்கி, ரயிலில் எபினே போய்ச் சேருவதற்குள் என் பக்கத்தைப் படித்து முடித்துவிடுவார்.

மன்னித்துக்கொள்ளுங்கோ, குணம் அண்ணை. உங்களுக்குக் கல்வெட்டு அடித்துவிட்டேன்.